அழித்ததாகக் கையெழுத்துப் போட்ட சி.டி.

எங்கள் தொழிற்சாலையை மூடியது இன்டர்நெட்தான் என்று பழைய ஆட்கள் கூடுகிற இடங்களில் எல்லாம் பேசிக்கொள்கிறார்கள். போன மாதம் ராயபுரத்தில் ஒரு கல்யாண விருந்து. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பேக்கிங் பிரிவு ஆள் ஒருவர், "அவனுங்க சும்மா பாட்ட எறக்கிக்கினானுங்க, நம்மள மூட்டைய எறக்க வெச்சிட்டானுங்க" என்றார். இலையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் என்னிடம் திரும்பினார்.

"இன்னா ஃபிலோமினாக்கா, நீதான் தும்மினாக்கூட டைரில எழுதுவியே. நம்ம கதைய எழுதேன். பசங்க கேக்குதுங்க."

எழுதுகிறேன். ஆனால் அவர் எதிர்பார்க்கும் கதையாக இது இருக்காது. நான் கண்டது, காதால் கேட்டது, டைரியில் இருப்பது, இவற்றை மட்டும்தான் எழுதப்போகிறேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் தொழிற்சாலை இருந்தது. கர்நாடக சங்கீதக் கேசட்டுகளும், பிற்பாடு சி.டி.க்களும் தயாரித்தோம். நான் கேசட்டுக்கு அட்டை மடிக்கச் சேர்ந்தவள். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர்; எங்கள் வீட்டில் கோயில் பாட்டைத் தவிர வேறு சங்கீதம் கிடையாது. ஒருநாள், விற்பனைக்குப் போகவிருந்த கேசட்டில் சுருதிப்பெட்டி நடுவில் ஒரு நொடி நின்று திரும்ப வருவதை அட்டை மடித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் என்னைக் கேட்பு அறைக்கு மாற்றினார்கள். ஆறு மாதத்தில் தோடியும் பைரவியும் வேறு வேறு என்று பிடிபட்டது. அவ்வளவுதான் என் படிப்பு.

கேட்பு அறை பத்துக்குப் பத்து. சுவர் முழுக்கத் தேங்காய் நார்ப் பலகை. ஒரு மேசை, ஒரு ஹெட்போன், ஒரு கடிகாரம். வேலை இதுதான்: ஸ்டுடியோவிலிருந்து மூலப்பதிவு வரும். மெஷின் பிரிவில் அதிலிருந்து இரண்டு சோதனைப் பிரதிகள் எடுப்பார்கள். ஒன்றுக்கு 'அ', மற்றதற்கு 'ஆ' என்று பெயர். இரண்டையும் முதலிலிருந்து கடைசிவரை நான் கேட்க வேண்டும். இருமல், மைக் இடறல், நாற்காலி நகர்வது, எது காதில் விழுந்தாலும் நிமிடம், விநாடியோடு குறைப் பட்டியலில் ஏற வேண்டும். 'அ' பிரதி பட்டியலோடு ஸ்டுடியோவுக்குத் திரும்பிப் போகும். 'ஆ' பிரதியை அழிக்க வேண்டும். திருத்திய மூலப்பதிவு வந்ததும் மறுபடி கேட்டு, சரியாக இருந்தால் கையெழுத்து. அதற்குப் பிறகுதான் மொத்தமாக நகலெடுப்பு.

என் மேலதிகாரி வரதன் சார். கேட்பு அறைக்குள் வரும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வருவார். அதன் சத்தம் தொந்தரவாம். குறைப் பட்டியலை நின்றுகொண்டே படிப்பார். நன்றாகச் செய்தாய் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "இங்கே ஏதோ சரியில்லை சார்" என்று சொன்னால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "எத்தனையாவது நிமிஷம்?" என்பார். நிமிடம் சொன்னால்தான் அது குறை; சொல்லாவிட்டால் அது அபிப்பிராயம். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் என்று சொன்னபோதும், "எத்தனை மணியிலிருந்து?" என்று கேட்டார். எட்டே முக்காலிலிருந்து என்றேன். உடனே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

மெஷின் பிரிவில் தாசன். எர்ணாவூர் குடியிருப்பிலிருந்து சைக்கிளில் வருவான். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். என்னைக் கண்டாலே சீண்டுவான். "யக்கா, உனுக்கு இன்னா கொறச்சலு? சேர்ல குந்திக்கினு பாட்டு கேக்கறதுக்கு சம்பளம். நாங்க கேட்டா வேலய வுட்டுத் தூக்குவானுங்க." அவன் மெஷினில் எடுத்த பிரதியில் மெஷின் தவறு என்று நான் எழுதிய சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு.

இப்போது 'ஆ' பிரதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேசட் காலத்தில் யாரும் அதை அழிக்கவில்லை. கேட்பு அறை வாசலில் ஒரு கழிவுக் கூடை இருக்கும், அதில் போடுவோம். சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போய், அதன்மேல் சினிமாப் பாட்டோ ஜெபப் பாட்டோ பதிந்துகொள்வார்கள். பழைய பதிவு தானாக அழிந்துவிடும். அதனால் படிவத்தில் 'ஆ' பிரதிக்கு எதிரே 'அழிக்கப்பட்டது' என்று எழுதி நான் கையெழுத்துப் போடுவேன். கீழே வரதன் சார் கையெழுத்து. பொய் என்று தோன்றியதே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் சி.டி. வந்தது. சோதனைப் பிரதியும் சி.டி.யாக மாறியது. கூடை மாறவில்லை, படிவம் மாறவில்லை. சி.டி.யின்மேல் வேறு பாட்டைப் பதிய முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நிமிடம் விநாடி பார்க்கிற நானும் யோசிக்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் கடைக்காரர்களின் கடிதங்களில் புதிய புகார் ஒன்று வரத் தொடங்கியது. வாடிக்கையாளர்கள் கடைக்கு வந்து அட்டையைப் புரட்டி, பாட்டுப் பட்டியலைக் குறித்துக்கொண்டு, வாங்காமல் போகிறார்கள். கம்ப்யூட்டரில் ரசிகர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பாட்டை அனுப்பிக்கொள்கிறார்களாம். முதலாளியின் தம்பி மகன் அப்போதுதான் பொறுப்புக்கு வந்திருந்தார். சின்ன முதலாளி என்போம். அவருக்கு அந்தக் கடிதங்கள் நெஞ்சில் நெருப்பு.

அந்தச் சமயத்தில்தான் நாகஸ்வரப் பதிவு வந்தது. கும்பகோணம் பக்கத்துப் பெரியவர் ஒருவர். அதுவரை யாரும் அவரைப் பதிவு செய்ததில்லை. திருவொற்றியூரில் திறந்த மேடையில் அவர் வாசித்ததை எங்கள் ஆட்கள் பதிந்திருந்தார்கள். தோடி ஆலாபனையில் பதினான்காவது நிமிடம் இருபதாவது விநாடியில், இரண்டு பிடிகளுக்கு நடுவே அவர் மூச்சு வாங்கும் இடத்தில், மணலிக்குப் போகும் டேங்கர் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. எழுதினேன். 'ஆ' பிரதியில் இன்னொரு குறையும் இருந்தது: மெஷின் முன்கூட்டியே நின்றுவிட்டதால் மங்களம் பாதியில் அறுந்துபோயிருந்தது. அதையும் எழுதினேன். 'அ' பிரதி ஸ்டுடியோவுக்குப் போனது. அவர்கள் ஹாரனைத் தடம் தெரியாமல் வெட்டி எடுத்துத் திருத்திய பதிவை அனுப்பினார்கள். மார்கழி சீசனில் வெளியிடுவதாக ஏற்பாடு.

வெளியீட்டுக்குப் பத்து நாள் இருக்கையில் மயிலாப்பூர்க் கடைக்காரர் ஒரு சி.டி. அனுப்பினார். 'இது ஏற்கெனவே இன்டர்நெட்டில் கிடைக்கிறது. ரசிகர் ஒருவர் இறக்கி சி.டி.யில் எழுதிக் கொடுத்தார். இதை இனி யார் வாங்குவார்கள்?' என்று கடிதம். சின்ன முதலாளி, வரதன் சார், தாசன், நான், நால்வரும் கேட்பு அறையில் நின்றோம். என்னைக் கேட்கச் சொன்னார்கள்.

பதினான்கு இருபதில் ஹாரன் அடித்தது.

"திருத்தாத பதிவு சார்" என்றேன்.

சின்ன முதலாளி தாசனைப் பார்த்தார். "சோதனைக் காப்பி எடுத்தது யாரு?"

"நான்தான் சார். ரெண்டு எடுத்தேன். அக்காகிட்ட குட்த்தேன்."

"மூணாவது எடுத்தியா?"

"இன்னா சார், ரெண்டுன்னா ரெண்டுதான்."

"போன வாரம் நீ பிரௌசிங் சென்டர்ல உக்காந்திருந்ததை நம்ம டிரைவர் பார்த்திருக்கான்."

"எம்பொண்ணு அக்டோபர்ல எழுதின பரீட்ச ரிசல்ட்டு பாக்கப் போனேன் சார். எனுக்கு அந்தப் பொட்டிய தொறக்கவே தெரியாது, சென்டர்ல கீற பொண்ணுதான் தட்டிக் குட்த்துச்சு. வேணும்னா கேளுங்க."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது என் காதில் ஹெட்போன் இருந்தது. ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு, கடைசிப் பாட்டுக்குத் தள்ளிப் பார்த்தேன். மங்களம் பாதியில் அறுந்தது. 'அ' பிரதியில் மங்களம் முழுதாக இருந்தது எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே இது 'ஆ'.

'ஆ' பிரதியைக் கூடையிலிருந்து எடுத்துப் போனது நான்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தாசனை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். விசாரணை முடிந்து திங்கட்கிழமை முடிவு சொல்வார்களாம். அவன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வாசல் கேட்டில் அவன் பையைப் பிரித்துக் கொட்டிச் சோதித்தார்கள். வேலை விட்டு வெளியே வந்துகொண்டிருந்த எல்லோரும் பார்த்தார்கள். அன்று வியாழக்கிழமை.

வீட்டுக்கு வந்து டைரியைப் பிரித்தேன். என் கையெழுத்தில் இருந்தது: 'நாகஸ்வரம் ஆ, மைக்கேல் மாமாவுக்கு, மாலை 6.15.' மைக்கேல் மாமா எங்கள் தெருவில் இருப்பவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கால் விளங்காமல் கட்டிலோடு கிடந்தார். தேர்த் திருநாளில் நாயனம் கேட்டுக் கேட்டு அவருக்கு அதன்மேல் ஒரு பித்து. வருடக்கணக்காகக் கூடையிலிருந்து நாயனக் கேசட் எதுவானாலும் அவருக்குத்தான் போகும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரிடம் போனேன். என்ன நடந்தது என்று உறுதியாகத் தெரியாமல் யாரிடமும் பேசக்கூடாது என்று இருந்தேன். நான் கேட்பதற்கு முன்பே அவர் சிரித்தார்.

"ஏம்மா ஃபிலோ, உன் நாயனம் சிங்கப்பூர் போய்டுச்சு, தெரியுமா? மருமவன் வந்திருந்தாருல்ல, கம்ப்யூட்டர்ல போட்டு இஸ்துக்கினாரு. 'மாமா, இத மாதிரி நான் கேட்டதே இல்ல, நாலு பேரு கேக்கட்டும்'னு அவங்க ஆளுங்களுக்கெல்லாம் அனுப்பினாராம். எவனோ அமெரிக்காலருந்து லெட்டர் எழுதிருக்கான், 'தோடிக்கு நடுவுல லாரி வருது, ஆனா அந்த மனுஷன் அசையல'ன்னு!"

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். நான் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அவர் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை எட்டு நாற்பதுக்கு வரதன் சார் அறையில் டைரியோடு நின்றேன்.

"சார், அந்த சி.டி. வெளியே போனது என்னால. தாசன் இல்ல."

அவர் பேனாவை மூடினார். "எந்தப் பிரதி?"

"ஆ."

"எப்படித் தெரியும்?"

"மங்களம் பாதியில நிக்குது. குறைப் பட்டியல்ல இருக்கு."

"கொடுத்தது எத்தனை மணிக்கு?"

"ஆறே காலுக்கு." டைரியைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். படித்தார். அலமாரியிலிருந்து படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். 'அழிக்கப்பட்டது' என்று அதே கையெழுத்து. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வியாழக்கிழமையே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார்."

"எத்தனையாவது நிமிஷத்துல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அவன் பொண்ணு ரிசல்ட்ட பத்திப் பேசிட்டிருந்தப்போ சார்."

அவர் படிவத்தின் அடியைத் தொட்டுக் காட்டினார். "ரெண்டாவது கையெழுத்து என்னுது. கூடை எங்கே போகுதுன்னு எனக்கும் தெரியும். வாங்க, ரெண்டு பேருமே போவோம்."

சின்ன முதலாளி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தாசனை வேலைக்குக் கூப்பிடச் சொன்னார். என்னைக் கேட்பு அறையிலிருந்து எடுத்து, கடைகளிலிருந்து திரும்பி வரும் சரக்கு ஷெட்டுக்கு மாற்றினார். வரதன் சாரை ஒன்றும் சொல்லவில்லை. கடைசியாக என்னிடம், "இது இந்த ரூமுக்கு வெளியே போகக்கூடாது. வித்வானுக்குத் தெரிஞ்சா இன்னொரு கம்பெனிக்குப் போயிடுவார். வெளியே யார்கிட்டயாவது பேசினீங்கன்னு தெரிஞ்சா, அன்னைக்கே கணக்கு முடிச்சிடுவேன்" என்றார்.

தாசனுக்குக் கொடுத்த காகிதத்தில் 'குற்றம் நிரூபணமாகவில்லை' என்று மட்டும் இருந்தது. குற்றம் செய்தது வேறு ஆள் என்று இல்லை.

அன்றிலிருந்து என் வேலை அந்த ஷெட்டில்தான். இன்டர்நெட் என்ன செய்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அங்கே பார்த்ததுதான். பெரிய பாடகர்களின் நாலு சி.டி., ஆறு சி.டி. தொகுப்புகள் பிரிக்காமலே பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. அதே ராகங்கள், அதே உருப்படிகள், ரசிகர்களிடம் வேறு கச்சேரியிலிருந்து ஏற்கெனவே பத்து விதமாக இருந்தவை. அவற்றைச் சும்மா கிடைக்கிற பாட்டு கொன்றது என்று கடைக்காரர்களே எழுதினார்கள், நம்புகிறேன். கல்யாண மண்டபங்களுக்குப் போய்க்கொண்டிருந்த நாயனக் கேசட்டும் நின்றுபோனது. ஒரு ஆள் சி.டி.யில் எழுதிக் கொடுத்தால் அதை வைத்தே பத்து மண்டபம் ஓட்டிவிடும்.

ஆனால் அந்தத் தோடி திரும்பி வரவில்லை. ஒரு பெட்டிகூட வரவில்லை. மதுரையிலிருந்து ஒரு கடைக்காரர் எழுதினார்: 'கம்ப்யூட்டரில் கேட்டதாகச் சொல்லி வந்து கேட்கிறார்கள். லாரிச் சத்தம் இல்லாததுதானே என்று உறுதிப்படுத்திக்கொண்டு வாங்குகிறார்கள். மேலும் அனுப்பவும்.' அந்தப் பெரியவரின் பெயரே அதற்குமுன் மதுரைக்குத் தெரியாது. அந்தக் கடிதத்தைச் சின்ன முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

சில வாரம் கழித்து, திரும்பி வரும் எல்லாப் பெட்டிக்கும் காரணம் என்ற இடத்தில் 'இலவசப் பதிவிறக்கம்' என்று எழுதச் சொல்லி உத்தரவு வந்தது. கடைக்காரர் எழுதியிருந்தால் எழுதினேன். அட்டை நனைந்து வந்ததற்கு அட்டை நனைந்தது என்றும், கடையே மூடிப்போனதற்குக் கடை மூடியது என்றும் எழுதினேன். காரணம் தெரியாததற்குத் தெரியவில்லை என்று எழுதினேன். கணக்குப் பிரிவு ஆள் வந்து, "எதுக்குக்கா வம்பு, ஒரு வரிதானே" என்றார். ஒரு வரி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். மாற்ற மாட்டேன் என்றேன்.

தாசன் வேலைக்கு வந்தான், போனான். என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டான். பொங்கல் கழிந்து ஒருநாள் டீக்கடையில் நானே அவன் எதிரில் போய் நின்றேன்.

"தாசா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தெரியும்க்கா. வரதன் சார் வூட்டுக்கே வந்து சொன்னாரு. ஆனா கதவ சாத்திக்கினு சொன்னாரு." டீயை ஊதினான். "நீ வேணும்னு பண்ல. அது எனுக்குத் தெரியும். நாலு நாளு வாயத் தொறக்காம இருந்த பாரு, அதான் பேஜாரா கீது."

"நான் என்ன பண்ணணும், சொல்லு."

"என்னாத்த பண்ணுவ? ஃபேக்டரில நான் சுத்தம், காயிதம் குட்த்துட்டானுங்க. எர்ணாவூர்ல? கேட்டாண்ட பைய கொட்னத எங்காளு ஒருத்தன் பாத்துட்டுப் போய் ஊரெல்லாம் சொல்லிட்டான். கொழாயாண்ட தண்ணி புடிக்கப் போனா எம்பொண்டாட்டிய 'சி.டி. திருடன் பொண்டாட்டி'ன்றாளுங்க. அவ சண்ட போட்டு, கொடம் ஒட்ஞ்சி... இத்த யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்? காயிதத்த கொழாய்ல கட்டித் தொங்கவுடட்டுமா?"

டீக்கடைக்காரர் சிரித்தார். தாசன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

எர்ணாவூரிலிருந்து எங்கள் தொழிற்சாலைக்கு வேலைக்கு வருகிறவர்கள் ஒன்பது பேர். நான் அங்கே போய்ப் பேசினால் மறுநாள் காலைக்குள் சின்ன முதலாளிக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தாசனைப் போல நாலு நாள் அவகாசம்கூடக் கிடைக்காது. வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையில் உட்கார்ந்து இதை எல்லாம் யோசித்தேன். பூசை முடிந்து வீட்டுக்குப் போகவில்லை. எண்ணூர் பஸ் ஏறினேன்.

குடியிருப்பில் தண்ணீர் வரும் நேரம். குழாயைச் சுற்றி வரிசையாகக் குடங்கள், இருபது பெண்கள் இருப்பார்கள். தாசன் வீட்டில் இல்லை. அவன் மனைவி செல்வி குழாயடியில் இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் அவளைப் பார்த்ததே இல்லை. யார் செல்வி என்று கேட்டேன். பிளாஸ்டிக் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்துக்கொண்டிருந்த ஒல்லியான பெண் திரும்பினாள்.

"நான்தான். இன்னா வோணும்?"

"நான் உன் வீட்டுக்காரரோட ஃபேக்டரியில வேலை பார்க்கறேன். பேரு ஃபிலோமினா."

அவள் பார்வை மாறியது. பெயர் அவளுக்குத் தெரிந்திருந்தது. குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழும் சத்தத்தை மீறிச் சொல்ல வேண்டியிருந்தது.

"அந்த சி.டி.ய வெளியே கொடுத்தது நான். தாசன் இல்ல. அவர்மேல பழி விழுந்தப்போ எனக்குத் தெரிஞ்சும் நாலு நாள் பேசாம இருந்தேன். அவர் எதையும் எடுக்கல."

வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள். எங்கள் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி இரண்டாவது குடத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

செல்வி குடம் நிறையும்வரை காத்திருந்தாள். குழாயை மூடினாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்து, எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியைக் கண்ணால் காட்டினாள். அங்கே ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"திருடன் பொண்டாட்டின்னு என்ன மொதமொதல்ல சொன்னவ அவதான். இங்கருந்து சொன்னா அவளுக்குக் கேட்டிருக்காது. இன்னொரு தபா சொல்லு."

நான் நாலு அடி முன்னால் போய், தலையை நிமிர்த்தி, மூன்றாம் மாடியைப் பார்த்து, முதலிலிருந்து உரக்கச் சொன்னேன்.